பூஜையறைக்குள் வந்த கழிவறை

மன்னார்குடிப் பக்கத்துப் பிரகதாம்பாள் செவ்வாய், வெள்ளி தவறாமல் விளக்கேற்றியவள். கணவர் துரைராசு ஓட்டிய பைக், வாய்க்கால் கரையில் சறுக்கிக் கவிழ்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பிரகதாம்பாள், இடுப்பெலும்பு நொறுங்கி, சக்கர நாற்காலியில்தான் வீடு திரும்பினாள்.

கழிவறையோ நாலு படி இறங்கி, கொல்லைக் கடைசியில். துரைராசுவும் அவர் தம்பியும் நெல் மூட்டையைப் போல அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கொத்தனார் செல்லதுரை வந்து பார்த்தார். படுக்கையறையை ஒட்டி இருந்தது பூஜையறை மட்டும்தான்.

"அதையே கக்கூஸாக்கிடுங்க" என்றாள்.

பிறந்ததிலிருந்து ஒரு சூடம்கூடக் கொளுத்தாத துரைராசு பதறினார். "சாமி குத்தம் ஆயிடும்டி!"

"சாமிக்கு எங்க இருந்தா என்னங்க? அதுக்கா அவசரமா வருது? எனக்குல்ல வருது!"

முருகனும் மாரியம்மனும் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் குடியேறினார்கள். செல்லதுரை நிலைப்படி இல்லாமல் அகலக் கதவு போட்டு, சுவரில் கைப்பிடிகளைப் பதித்தார்.

முதல் நாள் காலையில் அவளே நாற்காலியை உருட்டி உள்ளே போய்த் தாழிட்டாள். அரை மணி நேரமாகியும் வரவில்லை. துரைராசு கதவைத் தட்டினார்.

"என்னடி ஆச்சு? தம்பியக் கூப்பிடவா?"

"ஒருத்தரும் வேணாம். எல்லாம் அப்பவே முடிஞ்சிருச்சு. அஞ்சு மாசம் கழிச்சு இப்பதான் தனியா உக்காந்திருக்கேன், போங்க அந்தாண்ட!"