கறுப்புத் துணியைப் பிடித்து வைத்த கதை

எழுபதுகளின் கடைசி. அடையாள அட்டைக்குப் படம் கொடுக்க வேண்டும் என்று எங்கள் ஒழுங்கை முழுக்க ஆரவாரம். இரண்டு காதும் தெரிய வேண்டுமாம்.

"அரசாங்கத்துக்கு என்ட காதில என்ன வேல?" என்று கேட்டாள் என் மனைவி.

எனக்குக் கலியாணமாகிச் சில மாதங்கள்தான். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவள் வீட்டில் குடியிருந்தேன். ஆகவே அங்கே சட்டம் போடுவது அவள். ஒருவாறு காதுக்குச் சம்மதித்தாள். ஸ்டூடியோக்கார இளைஞன் வீட்டுக்கே வந்தான். மூன்று கால் கமராவை முற்றத்தில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, படத்தைப் பிடித்துக்கொண்டு போனான்.

அடுத்த கிழமை மூன்று பிரதிகளைக் கொண்டுவந்தான். பக்கத்து வீட்டிலும் வேலை இருந்ததால் கமராவும் கையோடு வந்தது.

"இதெல்லாம் எதில இருந்து எடுத்த, தம்பி?"

"நெகட்டிவ்ல, ராத்தா. அது ஸ்டூடியோவில இரிக்கி."

"அதையும் தாங்க."

"அது தாற வழம இல்ல. எல்லார்ர முகமும் எங்கட தகரப் பெட்டியில பத்திரமா இரிக்கி."

அந்தப் பத்திரத்தின் இலட்சணம் ஊருக்கே தெரியும். ஸ்டூடியோவின் கண்ணாடிப் பெட்டியில், பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பார்த்தபடி, அடுத்த ஒழுங்கைப் பெண்ணொருத்தியின் அடையாள அட்டைப் படம் பெரிதாகத் தொங்கியது. அவளிடம் ஒரு சொல் கேட்காமல் உதட்டுக்குச் சிவப்பும் பூசியிருந்தார்கள். தேநீர்க் கடையில் அந்த உதட்டைப் பற்றிக் கதைக்காத ஆளில்லை. தன் முகமும் அங்கே ஏறிவிடுமோ என்பதுதான் என் மனைவியின் பயம்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. தேநீரும் இனிப்புத் தொதலும் வைத்தாள். தம்பி ருசித்துத் தின்றுவிட்டு எழும்பினால், கமராவின் மேல் கிடந்த துணியைக் காணவில்லை.

"ராத்தா, என்ட துணி?"

"அலுமாரியில பத்திரமா இரிக்கி, தம்பி."

"தாங்களன்."

"தாற வழம இல்ல."

அவன் என்னைப் பார்த்தான். "காக்கா, நீங்களாவது சொல்லுங்களன்!"

நான் கூரை ஓடுகளைப் பார்த்தேன். பெண் வீட்டில் குடியிருக்கிற புது மாப்பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் பார்ப்பதற்கு இல்லை.

பக்கத்து வீட்டில் வெள்ளைச் சாரனைப் போர்த்திக்கொண்டு படம் பிடிக்க முயன்றிருக்கிறான். வெளிச்சம் உள்ளே பூந்து ஒன்றும் தெரியவில்லை. "மகன், ஒனக்குக் குளிர்க்காய்ச்சலா?" என்று அந்த வீட்டுக் கிழவி கேட்டதும் சாரனை உருவிக்கொண்டு சைக்கிளில் பறந்தான்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நெகட்டிவோடு திரும்பினான். மனைவி அதை வெயிலுக்கு நேரே பிடித்தாள். முகம் கரி, தலைமுடி வெள்ளை.

"இதயல்லவா அரசாங்கத்துக்குக் குடுத்திரிக்கணும்!" என்று சிரித்துவிட்டு அடுப்பில் போட்டாள். துணியை நாலாக மடித்து, மேலே ஒரு துண்டுத் தொதலையும் வைத்துக் கொடுத்தாள்.

"ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க, ராத்தா."

"சீ, நான் ஏன் சொல்லப் போறன்?"

பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்கு முன் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அந்தத் தம்பி எந்த வீட்டில் தேநீர் குடித்தாலும் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேதான் குடித்தான். ஆனாலும் பெண்கள் விடவில்லை. நெகட்டிவ் தருவதென்றால் மட்டும் முற்றத்துக்கு வா என்றார்கள். சிவப்பு உதட்டுக்காரியும் கண்ணாடிப் பெட்டியை விட்டு இறங்கினாள்.

அரசாங்கத்துக்கு இரண்டு பிரதி போக ஒன்று மிஞ்சியது. நான் கையை நீட்டினேன்.

"என்னத்துக்கு?"

"பார்க்க."

"நான் இஞ்சதானே இரிக்கன், மச்சான். என்னப் பாருங்க" என்று அதையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.