தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பனிப்பலகை

காலை 9.40. கிங்ஸ்பரியில் ஜூபிலி சுரங்க ரயில் ஏறும்போதே எனக்கு அரை நம்பிக்கைதான். ஒற்றைப் பலகையில் நின்று பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டிங் விளையாட்டின் வரலாறு பற்றி எங்கள் சறுக்குக் குழு கண்காட்சி வைக்கிறது. பழைய பலகைகளைத் தேடுவது என் பொறுப்பு. போன வருடம் 'அறுபதுகளில் செய்தது' என்று ஒருவர் தந்ததை நம்பி மேசையில் வைத்தேன். பார்க்க வந்தவர் அதைத் திருப்பி, இன்னும் மணம் போகாத பசையைக் காட்டிச் சிரித்தார்.

கிரீன் பார்க்கில் மாறி, விக்டோரியாவிலிருந்து தெற்கே தோர்ண்டன் ஹீத்துக்கு இருபத்தைந்து நிமிடப் பயணம். வழியில் குறிப்புகளைப் புரட்டினேன். அறுபதுகளில் அமெரிக்காவில் ஒரு தகப்பன் தன் பெண்பிள்ளைகளுக்காக இரண்டு சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பூட்டினார். பின்னால் வந்த பலகைக்காரர்களை முரடர்கள் என்று சொல்லிப் பல மலை ஊர்கள் நெடுநாள் உள்ளே விடவில்லை. ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது 1998இல்தான். இந்தக் கதையில் எங்குமே ஒரு தமிழர் இல்லை. தன் அப்பா எண்பதுகளில் ஆல்ப்ஸ் மலையில் சறுக்கிய பலகை வீட்டில் இருக்கிறது என்று ஒரு பெண் போனில் சொன்னால் சந்தேகம் வராதா?

11.10. தமிழ்க் கடை ஒன்றின் மேல்மாடி. போனில் பேசிய பெண்ணின் அப்பாவைச் சேவியர் அண்ணை என்று வைத்துக்கொள்வோம். மன்னார்க்காரர், வயது அறுபதுக்கு மேல். சங்கிலியைக் கழற்றாமலே கதவைத் திறந்தார்.

"ஆர் உங்களை அனுப்பினது?"

"உங்கட மகள்தான் அண்ணை வரச் சொன்னவா."

"அவ வேலைக்குப் போயிட்டா. எனக்கு இதில விருப்பமில்லை."

ஆனாலும் உள்ளே விட்டார். அலுமாரிக்குப் பின்னாலிருந்து பலகையை எடுத்தார். மரம். இப்போதைய பலகைகள்போல விளிம்பில் இரும்பு இல்லை; கால் மாட்ட ரப்பர் பட்டி. திருகாணிகள் மட்டும் பளபளத்தன.

"துருப்பிடிச்சது, மாத்தினனான்" என்றார்.

"எந்த வருசம் சறுக்கினீங்கள்?"

"ஞாபகமில்லை."

"எந்த ஊர்?"

"சுவிஸில ஒரு மலை ஊர். பேர் மறந்து போச்சு."

"எத்தினை நாள் இருந்தனீங்கள்?"

"ரெண்டு மாரி."

இரண்டு குளிர்காலம் வாழ்ந்த ஊரின் பெயர் மறக்குமா? படமெடுக்கப் போனை நீட்டினேன். அவர் உள்ளங்கையால் மறைத்தார். எனக்குக் கோபம் வந்தது.

"அப்ப இது பொய்யோ அண்ணை?"

அவர் பலகையைக் கம்பளத்தில் போட்டு ஏறி நின்றார். வலது கால் முன்னே. முழங்கால் மடிந்தது, பாரம் குதிக்காலுக்குப் போனது, கண் தோளுக்கு மேலாகச் சரிவின் அடியைத் தேடியது. இரண்டு வருடம் விழுந்து எழும்பித்தான் எனக்கு அந்த நிலை வந்தது. நடித்துக் காட்ட முடியாது.

"பலகையோட போனா மலை லிப்ட்டில ஏத்தமாட்டாங்கள்," என்றார் நின்றபடியே. "தோளில தூக்கிக்கொண்டு நடந்து ஏறுவம். நான் ஹோட்டலில கோப்பை கழுவினனான். அங்க சமைச்சவர்தான் இதைச் செய்து தந்தவர்."

இறங்கிக் கதிரையில் உட்கார்ந்தார்.

"சுவிஸில என்ர அகதிக் கேஸை நிராகரிச்சுப் போட்டாங்கள், தங்கச்சி. இஞ்ச வந்து, கொழும்பிலயிருந்து நேர வந்தனான் எண்டு எழுதிக் குடுத்தனான். சுவிஸில இருந்தது மகளுக்குத் தெரியும், இப்பிடி எழுதிக் குடுத்தது தெரியாது."

"இப்ப நீங்கள் சிற்றிசன்தானே அண்ணை?"

"ஓம். அதைப் பறிக்க ஏலாது எண்டு உங்களால சொல்லேலுமோ?"

 என் அப்பாவும் இந்த நாட்டில் வழக்கு எழுதிக் கொடுத்தவர்தான். அதில் என்ன எழுதினார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. போனைப் பைக்குள் வைத்தேன். தேத்தண்ணி குடித்தோம். பனியில் முதல்நாள் விழுந்த கதையைச் சொல்லி அவர் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தார். கண்காட்சிக்கு வேண்டாம், ஆளை மறைத்து இந்தக் கதையை எழுதலாமா என்று கேட்டேன். யோசித்து, சரியென்று தலையாட்டினார்.

மதியம் 1.05. திரும்பும் ரயிலில் குழுவுக்கு எழுதினேன்: 'பலகையைப் பார்த்தேன். நம்பக்கூடியதாக இல்லை. விட்டுவிடுவோம்.' அந்த மூன்று வரிக்கு முக்கால்வாசிப் பயணம் ஆனது. பதில் உடனே வந்தது: 'நன்றாகச் சோதித்திருக்கிறீர்கள், நன்றி.'

விக்டோரியாவில் இறங்கும்போது, என் தோளுக்கு மேலாக நான் எழுதியதை யாராவது வாசித்திருப்பார்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.