மச்சானுக்கு முதல் பரிவட்டம்

என் மேசையில் ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. போடியில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையின் சர்வர் எண், முதலாளியின் கோழிக்கிறுக்கலில். அந்த ஆளை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

மூன்று வருடம் முடிந்ததும் அனுபவச் சான்று வாங்கிக்கொண்டு மதுரையில் வேலைக்குப் போய்விடலாம் என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஏலக்காய் வியாபாரிகளுக்கு இணையதளம் செய்து தருவது எங்கள் தொழில். செய்து முடிக்கும்வரை எல்லாத் தளங்களும் கடையிலிருந்த ஒரே சர்வரில்தான் கிடக்கும். எந்தப் பெயரைத் தட்டுகிறோமோ அந்தத் தளத்தைக் காட்டும்படி விர்ச்சுவல் ஹோஸ்ட் பட்டியல் எழுதுவது என் வேலை. பெயரில்லாமல் வெறும் சர்வர் எண்ணைத் தட்டினால் பட்டியலில் முதலில் இருப்பது திறந்துகொள்ளும். அதனால் முதல் இடத்தில் ஒரு வெற்றுப் பக்கத்தை வைத்திருந்தேன். முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. அவர் மச்சானும் ஏலக்காய் வியாபாரி; அவர் தளமும் அதே சர்வரில்தான் இருந்தது.

“கோயில்லயே எங்க மச்சானுக்குத்தான் மொதப் பரிவட்டம். இங்க காலிப் பக்கத்துக்கா? அவர மேல தூக்கி வைய்யி” என்றார்.

“வேணாம்ண்ணே. பேரு சொல்லாம வர்றவுக எல்லாம் அவுக வாசல்ல போயி நிப்பாக.”

“நின்னா நல்லதுதான!” என்று சிரித்தபடி அவரே மாற்றி வைத்தார்.

மறுநாள் போடிமெட்டு எஸ்டேட்காரர் தன் தளத்தைப் பார்க்க வந்தார். அவருக்கும் மச்சானுக்கும் ஆகவே ஆகாது. “என் செல்லுல காட்டுங்க” என்றார். கடைக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டுமே நாங்கள் சொல்லி வைத்திருந்த தளப் பெயர் அவர் செல்லுக்கு எப்படித் தெரியும்? நான் வாய் திறப்பதற்குள் முதலாளி சர்வரில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் பார்த்து அவர் செல்லில் எண்ணைத் தட்டிவிட்டார். திறந்தது மச்சானின் தளம். மாலையும் கழுத்துமாகப் படத்தில் மச்சான் சிரித்தார்.

“இவ பாத்த வேலைங்க இது!” என்று முதலாளி கூசாமல் என்னைக் கைகாட்டினார். எஸ்டேட்காரர் செல்லைப் பிடுங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார். அன்றைக்கே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். சான்று கேட்டேன்.

“ஒனக்கென்னத்தா அனுபவம் இருக்கு, எழுதித் தர?”

சர்வரில் ஒட்டியிருந்த இந்த மஞ்சள் சீட்டை உரித்துக்கொண்டு வெளியே வந்தேன். சான்றில்லாமல் மதுரையில் படியேறாத கம்பெனி இல்லை. இந்த மேசை கிடைக்க இரண்டு வருடம் ஆனது.

போன வாரம் அவரே போன் பண்ணினார். “ஆத்தா, புதுச் சர்வர் போட்டேன். எந்தப் பேரத் தட்டுனாலும் மச்சான் சைட்டே தொறக்குது. பார்ட்டி எல்லாம் கத்துறாய்ங்க. வெரசா ஒரு வழி சொல்லு.”

பட்டியலில் மற்ற பெயர்களை எழுதும் இரண்டு நிமிட வேலை. சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“எனக்கென்னண்ணே அனுபவம் இருக்கு, வழி சொல்ல?”