அமாவாசையன்று எடுத்த படம்

நாளிதழ் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, இப்போது ஓர் இணையதளத்துக்கு கேமிங் மானிட்டர்களைச் சோதித்து எழுதுகிறேன். வாசகர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான். உள்ளே என்ன பேனல்? புள்ளிகள் எவ்வளவு வேகமாக நிறம் மாறுகின்றன? டி.என். வகைப் பேனல் வேகமானது, பக்கவாட்டில் பார்த்தால் வெளிறிவிடும். ஐ.பி.எஸ். நிறத்துக்குப் பேர்போனது. வி.ஏ. பேனலில் கறுப்பு நன்றாகக் கறுக்கும், ஆனால் மாற்றம் தாமதமானால் ஓடும் உருவத்தின் பின்னால் நிழல் இழுபடும். நிறம் மாற ஒரு மில்லி செகண்ட் என்றுதான் எல்லோரும் பெட்டியில் அச்சடிக்கிறார்கள். நான் அதை நம்புவதில்லை. மேசைமேல் ஒரு சிறிய தண்டவாளம் அமைத்திருக்கிறேன். திரையில் படம் ஓடும் அதே வேகத்தில் கைபேசியை அதில் தள்ளிக்கொண்டே படமெடுப்பேன்; நிழல் இழுபட்டால் அதில் விழுந்துவிடும். கண்ணைவிட அந்தப் படத்தைத்தான் நம்பினேன்.

குடியிருப்பது திருத்தணியில், ஒரு விசைத்தறிக்காரர் வீட்டு மாடியில். கீழே நான்கு தறிகள். வந்த புதிதில் தலைவலி. ஆறு மாதத்தில் சத்தம் இருக்கிறது என்பதே மறந்துபோனது.

ரயில் நிலையச் சாலையில் கம்ப்யூட்டர் கடை நடத்தும் பெண்மணிதான் சோதனைக்கு மானிட்டர்களை இரவல் தருவார். கடையின் பின்னறையில் எட்டு வளைந்த வி.ஏ. மானிட்டர்களைப் போட்டு, கல்லூரி மாணவர்கள் வந்து விளையாட இடம் அமைத்தார். அதில் ஒன்றை என்னிடம் கொடுத்து, "நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு எழுதுங்க சார், இல்லன்னா இல்லன்னு எழுதுங்க" என்றார்.

படத்தில் நிழல் விழுந்திருந்தது. கொஞ்சமல்ல, ஒவ்வோர் உருவத்துக்கும் பின்னால் இன்னொன்று. அதற்கு முந்தைய மாதம் சோதித்த ஐ.பி.எஸ். படம் ஊசிமுனை போல் சுத்தமாக இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து, 'வேகமான விளையாட்டுக்கு இந்தத் திரை உதவாது' என்று தீர்ப்பு எழுதினேன்.

ஒரு வாரம் கழித்துக் கடைக்குப் போனபோது என் படம் மாணவர்களின் கைபேசிகளில் இருந்தது. ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான்: "இன்னாக்கா, உங்க ஸ்கிரீன்ல ஒருத்தன சுட்டா அவன் ஆவியும் கூடவே ஓடியாருமாமே?" அறையே சிரித்தது. ஏழு திரைகளில் இரண்டில்தான் ஆள் இருந்தது.

கடைக்காரர் என்னைப் பார்த்து, "உங்க கண்ணுக்கு அப்டித் தெரிஞ்சுதா சார்?" என்றார்.

கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் "படத்துல இருக்குதுங்களே" என்றேன்.

அதன் பிறகு புதிதாக வந்த ஒரு மானிட்டருடன் ஒப்பிட, திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த அந்த வி.ஏ. திரையை மறுபடி படமெடுத்தேன். சுத்தமாக விழுந்தது. மூன்று முறை எடுத்தேன். மூன்றும் சுத்தம். எதையோ மாற்றி வைத்துவிட்டேனோ என்று கீழே இறங்கி, மின்சாரத்தில் ஏதாவது கோளாறா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"கரண்டெல்லாம் நல்லாத்தான் இருக்குது. இன்னிக்கு அமாவாசைங்க சார். தறி ஓட்ட மாட்டோம். உங்களுக்குத் தெரியாதா?"

மாடிக்கு வந்து, பழைய ஐ.பி.எஸ். படங்களை எடுத்த தேதியை நாட்காட்டியில் பார்த்தேன். அமாவாசை. வி.ஏ. படங்கள், தறி ஓடிய ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை.

மறுநாள் காலை தறிகள் ஓடத் தொடங்கியதும் மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன். தண்ணீரில் வளையம் வளையமாக எழுந்தது. திரையில் அசையாமல் நிற்கும் ஓர் எழுத்தைப் படமெடுத்தேன். அதுவும் இரட்டையாக விழுந்தது. நிழல் திரையில் இல்லை, தறியின் அதிர்வில் மேசையோடு கைபேசியும் ஆடியிருக்கிறது. இந்த ஒரு படத்தை முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மேசைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஆடுதா? எங்க ஆடுது? நான் பொறந்ததுல இருந்து இங்கதான் இருந்துகினு இருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அன்றுவரை யார் கேட்டிருந்தாலும் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இணையதள ஆசிரியரிடம் தொலைபேசியில் சொன்னேன். "மார்க்கை மட்டும் மாத்திடுங்க. எதுக்கு நாமளே போய்ச் சொல்லிக்கணும்?" என்றார். மறுத்தேன். கட்டுரையின் தலையிலேயே, தறி உட்பட நடந்த அனைத்தையும் எழுதி வெளியிட்டோம். நாளிதழில் அடுத்தவர்களின் தவறுகளுக்கு எத்தனையோ திருத்தங்கள் எழுதியிருக்கிறேன். என் பெயருக்குக் கீழே அதுதான் முதல்.

கைபேசியில் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் கடைசி வரி வரை படித்தார். ஆள் வராமல் பின்னறையில் நான்கு திரைகள் பெட்டிக்குள் போயிருந்தன. மூன்றுதான் மேசையில் மீதி.

"இத நான் சொன்னா யாவாரத்துக்குச் சொல்றேன்பாங்க. சாயந்தரம் பசங்க வருவாங்க, நீங்களே சொல்லுங்க" என்றார்.

நான்கு மணிக்கு ஐந்து பேர் வந்தார்கள். நின்றபடி சொன்னேன். தறி என்றதும் சிரித்தார்கள். முன்பு ஆவியைப் பற்றிக் கேலி பேசியவன், "அப்ப மொதல்ல எழுதுனது பொய்யா சார்?" என்றான்.

"பொய்யில்ல. தப்பு."

அவன் உட்கார்ந்து விளையாடினான். மற்றவர்கள் அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து, விளையாட்டைப் பார்க்காமல் ஓடும் உருவங்களின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் படத்தைப் பார்ப்பதற்கு முன் அவர்கள் யாரும் அந்த இடத்தைப் பார்த்ததில்லை.

"எனக்கு இழுக்கற மாதிரிதான்பா கீது" என்றான் ஒருவன்.

"ஆங், எனக்கும்."

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்துச் சொல்லுங்க சார். உங்களுக்குத் தெரியுதா?"

குனிந்தேன். ஆட்டத்தில் ஓர் இருட்டுக் குகை வந்தது. உருவம் கறுப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு வரும் இடத்தில் மிக மெல்லிய இழுப்பு. வி.ஏ. பேனல்களில் பெரும்பாலும் இருப்பதுதான், தேடாதவர் கண்ணில் படாது. தெரியவில்லை என்று நான் சொல்லியிருந்தால் அந்த மாணவர்கள் நம்பியிருப்பார்கள்.

"கொஞ்சம் தெரியுதுங்க. இருட்டா இருக்கற எடத்துல மட்டும்" என்றேன்.

விளையாடியவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஐவரும் வெளியே போனார்கள். கடைக்காரர் மூலையில் கிடந்த காலிப் பெட்டி ஒன்றை எடுத்து வந்து, அந்தத் திரையின் வயரைக் கழற்றத் தொடங்கினார். நான் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.