கப்பலைக் காரில் துரத்திய கதை

கரையில் கப்பல் தெரியவில்லை என்றால் கப்பல் போய்விட்டது என்றுதான் அர்த்தம். இதைச் சத்தியமாக நம்பிய புத்திசாலி நான்தான். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, இலைகள் நிறம் மாறத் தொடங்கிய காலம். இடம், ஜேர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கும் கோப்லென்ஸ் என்ற பழைய பட்டினம். எங்கள் கலியாண வெள்ளிவிழாவுக்கு மகள் ஆற்றுக் கப்பல் பயணம் ஒன்றைப் பதிவு செய்து, எங்கள் இருவரையும் மொன்ட்ரியாலில் இருந்து பிளேன் ஏற்றி அனுப்பியிருந்தாள்.

அன்று காலைச் சாப்பாட்டு நேரம் கப்பலில் அறிவித்தார்கள். எல்லாரும் ஐந்து மணிக்குள் திரும்பிவிட வேண்டுமாம். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார்கள். நான் மூன்றாவது ஆம்லெட்டில் கவனமாக இருந்தேன்.

மனைவிக்கு முழங்கால் நோ. கப்பலிலேயே இருந்துவிட்டாள். எனக்கோ கரையில் ஒருவன் காத்திருந்தான். எண்பதுகளில் இதே ஜேர்மனியில் அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்த கூட்டாளி. அவன் அங்கேயே தங்கிவிட்டான், நான் கனடாவுக்குப் பாய்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு தொலைபேசியில் குரல்தான், முகம் இல்லை. இறங்குதுறையில் என்னைக் கண்டதும் அவன் சொன்ன முதல் வசனம்:

"அடேய், தலைமயிரைக் கனடா இமிகிரேஷன்ல குடுத்திட்டியோ?"

பிறகென்ன, பட்டினம் எங்களுடையது. கல் பதித்த ஒடுங்கிய தெருக்கள், பழைய தேவாலயங்கள், இரண்டு ஆறுகள் வந்து சேரும் முனையில் குதிரை மேல் இருக்கும் பெரிய சக்கரவர்த்தி சிலை. ஒரு கட்டடத்து மணிக்கூட்டின் கீழே ஒரு முகம், கண்ணை உருட்டி உருட்டி அரை மணிக்கொரு தரம் நாக்கை நீட்டுகிறது. அதைப் பார்த்துச் சிரித்து, இன்னொரு தரம் பார்க்க நின்று, மறுபடியும் நின்று, சிறுபிள்ளைகளைப் போல் பொழுதைப் போக்கினோம். ஆற்றங்கரையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, அவன் மனைவி கட்டிக் கொடுத்த புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டோம். காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தப் பக்கத்து ஜேர்மன்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஐந்து மணி ஆனது தெரியும். ஆனால் மொன்ட்ரியாலில் எங்கள் ஆட்கள் பிறந்தநாள் விழா ஆறு மணிக்கு என்று அழைப்புக் காட் அடித்தால், ஆறு மணிக்குப் போகிறவன் மண்டபத்தில் கதிரை அடுக்கத்தான் வேண்டும். அந்தப் பழக்கத்தில், கப்பலும் நாலு பேர் வந்த பிறகுதானே வெளிக்கிடும் என்று ஆறுதலாக நடந்தேன்.

இறங்குதுறைக்கு வந்தால், காலையில் எங்கள் வெள்ளைக் கப்பல் நின்ற இடத்தில் நீலக் கோடு போட்ட வேறு கப்பல் நிற்கிறது!

மனைவி கப்பலில். பாஸ்போட் கப்பலின் வரவேற்பு மேசையில். இந்த நாட்டுக்குள் முதல் தடவை வந்தபோதும் என்னிடம் பாஸ்போட் இல்லை. இத்தனை வருடம் கனடாவில் பனி வழித்து முன்னேறி, திரும்ப அதே இடம்!

"பயப்பிடாதை மச்சான், எனக்கு நல்ல லோயர் ஒராளைத் தெரியும். திரும்ப அகதிக் கேஸ் போடுவம்" என்றான் அவன்.

அப்போது தூரத்தில், ஆற்று வளைவில், ஒரு வெள்ளைக் கப்பல் போவது கண்ணில் பட்டது. "அந்தா போகுது!" என்று கத்தினேன். ஓடிப்போய்க் காரில் ஏறினோம். கப்பலைக் காரில் துரத்திய மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நாங்கள் துரத்தினோம். வீதி ஆற்றோடு ஒட்டி வந்த இடத்தில் இறங்கி, ஜாக்கெட்டைக் கழற்றி வீசி வீசி, "நிப்பாட்டுங்கோ!" என்று தமிழிலேயே கத்தினேன். மேல்தட்டில் இருந்தவர்கள் பரவசமாகக் கை காட்டினார்கள். ஒரு கிழவர் வைன் கிளாஸை உயர்த்தி வாழ்த்தினார். இரண்டு பேர் என்னைப் படம் பிடித்தார்கள்.

கூட்டாளி கப்பலை உற்றுப் பார்த்தான். "உங்கட கப்பலின்ர பேர் என்னடா?"

"வெள்ளைக் கப்பல்."

"வெள்ளை எண்டது பேரோ, விசரா?"

தொலைபேசியில் பிடிக்கக்கூடியவர்களில் பெயர் தெரிந்த ஒரே ஆள் மகள். கூட்டாளியின் கைத்தொலைபேசியில் மொன்ட்ரியாலில், ரொக்ஸ்பரோவில் இருக்கும் வீட்டுக்கு எடுத்தேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் நல்ல நித்திரை. நான் அழாத குறையாகச் சொல்லி முடித்ததும், "அப்பா, கல்ம்-துவா" என்று முதலில் பிரெஞ்சில் என்னை அடங்கச் சொன்னாள். பிறகு கப்பலுக்கு எடுத்து விசாரித்துவிட்டு எங்களைத் திரும்பக் கூப்பிட்டாள்.

"அப்பா, கப்பல் துறையிலதான் நிக்குது. அம்மா சரியான கோவத்தில நிக்கிறா. ஓடுங்கோ, இனித்தான் அது வெளிக்கிடப் போகுது!"

அப்போதுதான் உண்மையாகவே பயந்தேன். போகாத கப்பலைத் துரத்தி, போகப் போகிற கப்பலைத் தவறவிடப் போகிறேன்! கூட்டாளி காரைத் திருப்பிய திருப்பலில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த கறிச் சட்டி அவன் மேலேயே கவிழ்ந்தது. அவன் அதைக் குனிந்தும் பார்க்கவில்லை.

துறையில் ஒரு பணியாளர் எங்களைக் கண்டதும் நீலக் கோட்டுக் கப்பலுக்குள் போகும்படி கையைக் காட்டினார். கூட்டாளியைக் கட்டிப் பிடித்துவிட்டு அதற்குள் ஓடி, மறுபக்கக் கதவால் வெளியே வந்தேன். அங்கே, அந்தக் கப்பலில் ஒரு காலும் எங்கள் கப்பலில் ஒரு காலுமாக, நடுப் பலகையை எடுக்க விடாமல் நின்றாள் மனைவி. நோகிற முழங்காலோடுதான்.

"இஞ்சாருங்கோ, நான் மேல்தட்டில நிண்டு கையைக் காட்டக் காட்ட, ரெண்டு பேரும் காரில பறக்கிறியள். குடிக்க இன்னொரு போத்தல் வாங்கப் போறியளாக்கும் எண்டு நினைச்சன்!"

சுற்றி நின்ற பயணிகள் கை தட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன், வேறென்ன செய்வது? கப்பல் நகர்ந்தபோது கரையில் கூட்டாளி, சட்டையெல்லாம் கறியோடு, தன் ஜாக்கெட்டைக் கழற்றி என்னைப் போலவே வீசி வீசிப் பகிடி பண்ணிக்கொண்டு நின்றான்.

ஆம்லெட் நேரத்தில் நான் கேட்காமல் விட்டது இதுதான்: துறையில் இடம் போதாதபடியால், பகலில் வரும் இன்னொரு கப்பலுக்குக் கரையோரம் இடம் விட்டு, எங்கள் கப்பல் அதன் மறுபக்கத்தில் கட்டப்படும். இப்போதும் எதையோ இழந்துவிட்டேன் என்று நெஞ்சு அடிக்கத் தொடங்கினால், ஓடுவதற்கு முன் சற்று நின்று எட்டிப் பார்க்கிறேன். அன்று எங்கள் கப்பல் என்னை விட்டுப் போயிருந்த தூரம், இன்னொரு கப்பலின் அகலம்.