தானாக் காடு

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, டிரைவருக்கு மனசிருந்தால் மட்டும் பஸ் நிற்கும் குப்பம் அது. அங்கே இறங்கிச் சம்பூர்ணம் வீடு எது என்று விசாரித்தால், "தானாக் காட்டு வூடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்கிறவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்கும். மற்றவர்கள் வீட்டுப் பின்பக்கமெல்லாம் வலை காயப்போடவும் கருவாடு உலர்த்தவும் வெறும் மணலாகக் கிடக்க, சம்பூர்ணத்தின் வீட்டுக்குப் பின்னால் மட்டும் கால் வைக்க இடமில்லாமல் செடியாக நிற்கும். அதில் ஒன்றுகூட அவள் நட்டதில்லை.

மீன் கழுவிய தண்ணீரை ஊற்றிய இடத்தில் தக்காளி வந்தது. அழுகிப் போனதென்று வீசிய பூசணி, கொடியாக ஓடிக் கூரை ஏறியது. அந்திமந்தாரை, கோழிக்கொண்டை, எந்தக் காக்கை கொண்டுவந்து போட்டதோ தெரியாத ஒரு பப்பாளி, பேர் தெரியாத இன்னும் நாலைந்து. பட்டிப்பூவைக்கூட விட்டு வைத்திருந்தாள். அது சுடுகாட்டுப் பூ, வீட்டுக்கு ஆகாது என்று ஊரே பிடுங்கிப் போடும். சம்பூர்ணத்திடம் சொன்னால் அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "தானா வந்தத எடுக்கக் கூடாது." அதற்கு மேல் ஏன், எதற்கு என்று கேட்டால் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மீன் விற்கக் கிளம்பிவிடுவாள்.

ஏன் என்பது ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். சம்பூர்ணத்தின் அண்ணன் தாண்டவராயனின் மனைவி மீனாட்சி.

சம்பூர்ணத்துக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, தவழ ஆரம்பித்த சமயத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அப்புறம் பிறக்கவே இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கென்று பின்பக்கம் ஒரு தட்டைக் கல் போட்டிருந்தாள். குழந்தை போன வருஷத்து மழையில் அந்தக் கல்லை ஒட்டி ஒரு காசித்தும்பை முளைத்தது. யாரும் விதைக்கவில்லை, அக்கம்பக்கத்தில் அந்தச் செடியும் கிடையாது. இளஞ்சிவப்பாகப் பூத்தது. காய் முற்றியதும், தொட்டால் போதும், வெடித்து விதையைத் தெறித்தது. அடுத்த மழைக்குக் கல்லைச் சுற்றிலும் ஒரு கூட்டம். குழந்தைதான் செடியாக வந்துவிட்டது என்றெல்லாம் சம்பூர்ணம் நம்பவில்லை. அவ்வளவு பேதையில்லை அவள். ஆனால் பிடுங்கக் கை வரவில்லை. அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்குவதும் ஓரவஞ்சனையாகப் பட்டது. எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். இதைப் புருஷன் இருசப்பனிடம்கூட அவள் சொன்னதில்லை. மீனாட்சியிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழவும் செய்தாள்.

மீனாட்சி முறைக்குத்தான் அண்ணி, வயசில் இருவரும் ஒன்று. கடற்கரையில் எங்கே தோண்டினாலும் மணல். அடுப்பு போட மண் கிடையாது. செய்யூர்ப் பக்கம் பிறந்த மீனாட்சி, அம்மா வீட்டுக்குப் போய் வரும்போதெல்லாம் கோணிப்பையில் செம்மண் கட்டிப் பஸ் மேலே போட்டுக்கொண்டு வருவாள். கண்டக்டரோடு அதற்கு ஒரு சண்டையும் நடக்கும். அந்த மண்ணைப் பிசைந்து அவள் போடும் அடுப்பு விரிசல் விடாது. சம்பூர்ணத்தின் வீட்டு அடுப்பும் அவள் கையால் போட்டதுதான். குப்பத்திலேயே செம்மண் இருந்தது மீனாட்சி வீட்டில் மட்டும்.

சம்பூர்ணத்தின் வீடும் பின்பக்க இடமும் அவள் அப்பா சாகும் முன், பஞ்சாயத்தார் எதிரில் வாய்ச்சொல்லாக மகளுக்குக் கொடுத்தது. இருசப்பன் வீட்டோடு வந்த மாப்பிள்ளை. தாண்டவராயனுக்கு நாலு வீடு தள்ளித் தனி வீடு. அவர் மகனுக்குக் கல்யாண வயசு வந்ததும் ஒருநாள் வந்து பேச்செடுத்தார்.

"பின்னால கெடக்கற எடத்துல புள்ளைக்கு ஒரு வூடு கட்டிக்கறேன் சம்பூர்ணம். சும்மாதான கீது."

"சும்மா இல்ல அண்ணாத்த. வேற இன்னா வோணா கேளு. அத்த மட்டும் கேக்காத."

தாண்டவராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர், அப்புறம் தங்கச்சி வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நடுவில் புகுந்து சமாதானம் பண்ணி வைத்தது மீனாட்சிதான். "அவரு இனிமே அந்தப் பேச்ச எடுக்க மாட்டாரு. நான் பாத்துக்கறேன், நீ கம்முனு இரு" என்றாள். சொன்னபடி அவரும் எடுக்கவில்லை. அண்ணி இருக்கும்வரை எனக்கென்ன குறை என்று சம்பூர்ணம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

அது எழுபத்து மூன்றாம் வருஷத்து மழைக்காலம். இருசப்பன் கடலுக்குப் போவதை விட்டு, கல்பாக்கத்தில் அணு மின் நிலையம் கட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு கல்யாணத்துக்காகப் புருஷனும் பெண்சாதியும் செங்கல்பட்டு போய்த் தங்கிவிட்டுத் திரும்பினார்கள். வந்ததும் சம்பூர்ணம் வழக்கம்போலக் கல்லருகே போய்ப் பார்த்தாள். காசித்தும்பைக் கூட்டத்துக்கு நடுவில், ஒரு சாண் உயரத்தில், பல்பல்லான இலையோடு ஒரு வேப்பங்கன்று நின்றது.

அவளுக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. ஓடிப்போய் மீனாட்சியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"பாரு அண்ணி! கல்லாண்ட பாரு. ஆத்தாளே தானா வந்துகீறா!"

மீனாட்சி வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த வார்த்தையைச் சொன்னது சம்பூர்ணத்தின் வாய். மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் அவள் கை. யாரும் சொல்லித்தரவில்லை.

கன்று கிடுகிடுவென்று வளர்ந்து ஆள் உயரத்தைத் தாண்டியது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவின் மகளுக்கு அம்மை வார்த்தபோது, சம்பூர்ணமே கொத்துக்கொத்தாக இலை பறித்துக் கொடுத்தாள். பெண் பிழைத்து எழுந்தாள். கன்னியம்மா வந்து மரத்துக்கு மஞ்சள் துணி கட்டினாள். அப்புறம் யார் யாரோ வந்தார்கள். வருகிறவர்களுக்கு வழிவிட, சம்பூர்ணம் தன் பூசணிக் கொடியைத் தானே ஓரமாக இழுத்துவிட்டாள். தன் குழந்தையின் இடத்துக்கு நாலு பேர் வந்து கும்பிடுகிறார்கள் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பூரிப்பு.

டெல்லியில் எமர்ஜென்சி என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த ஆடி மாசம், அந்த மரத்தடியில் கூழ் ஊற்றினார்கள். கூட்டம் நிற்கும்போதே தாண்டவராயனுக்குச் சாமி வந்தது. அதுவரை அவர் வம்சத்திலேயே யாருக்கும் வந்ததில்லை.

"எனக்கு எடம் வோணும்! மழையில நனையறேன், வெயில்ல காயறேன்! எனக்கு எடம் குடுங்கடா!"

மறுநாள் பஞ்சாயத்து கூடியது. குப்பத்துத் தலைவரான பெரியதனக்காரர் சிங்காரம் நல்ல மனுஷர்தான், சாமி விஷயம் என்றால் மட்டும் கொஞ்சம் பயம். மரத்தடியில் கோயில் கட்டுவது, தாண்டவராயன் பூசை செய்வது, பூசாரி பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதால் கோயிலுக்குப் பின்னால் அவர் குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டிக்கொள்வது என்று பேச்சு முடிந்துகொண்டே வந்தது. அந்த வீடு என்ற சொல் வந்தபோதுதான் சம்பூர்ணத்துக்குச் சுரீர் என்றது.

"எங்க நைனா எனக்குக் குடுத்த எடம் அது" என்று எழுந்து நின்றாள்.

"யாரு இல்லன்னா?" என்றார் சிங்காரம். "ஆனா தானா வந்தத எடுக்கக் கூடாதுன்னு நீதானம்மா ஊருக்கே சொல்லிகினு இருந்த? ஆத்தா தானா வந்துட்டான்னு மொத மொத சொன்னதும் நீதான். இப்ப அவள எடுத்துகினு போன்னு சொல்றியா?"

சம்பூர்ணம் இருசப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்தபிறகு, "நான் பொயைக்க வந்தவன், நான் இன்னாத்த பேசறது?" என்றான். பஞ்சாயத்தில் பெண்கள் வரிசையில் மீனாட்சி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவம் அண்ணி, புருஷனை எதிர்த்து என்ன பேசுவாள் என்று சம்பூர்ணம் அப்போதும் அவளுக்காகத்தான் இரக்கப்பட்டாள்.

மேடை கட்ட இடத்தைச் சுத்தம் செய்தார்கள். அந்திமந்தாரையும் கோழிக்கொண்டையும் மண்வெட்டியில் போயின. பப்பாளியைச் சாய்த்தார்கள். குளிப்பாட்டும் கல்லை ரெண்டு பேர் புரட்டி வேலி ஓரம் கொண்டுபோய்ப் போட்டார்கள். சம்பூர்ணம் அழவில்லை. ஒரு முறத்தை எடுத்துவந்து, கல் கிடந்த இடத்து மணலைக் கையால் அள்ளிச் சேர்த்தாள். அதில் காசித்தும்பை விதை கிடக்கும், வாசல் பக்கம் கொண்டுபோய்க் கொட்டினால் மழைக்கு முளைக்கும் என்று கணக்கு. அள்ளிக்கொண்டே மரத்தடிக்கு வந்தபோது விரலில் ஏதோ தட்டியது.

ஒரு கொட்டாங்கச்சி. வேப்பமரத்தின் வேர் அதன் கண் வழியே புகுந்து, பெருத்து, ரெண்டாகப் பிளந்து வைத்திருந்தது. பிளவில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த மண் சிவப்பாக இருந்தது.

சுற்றிலும் வெள்ளை மணல். சம்பூர்ணம் அந்தச் சிவப்பையே பார்த்தாள். தினமும் அடுப்பங்கரையில் அவள் பார்க்கிற சிவப்பு. ஆத்தா தானாக வரவில்லை. யாரோ கொட்டாங்கச்சியில் செம்மண் போட்டு, கன்று வளர்த்து, அவள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, மணலுக்குள் இறக்கியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ!

கத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரிலேயே கன்னியம்மாவின் மகள் முகத்தில் அம்மைத் தழும்போடு செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் இது சாமியில்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு துண்டை உடைத்து எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, சம்பூர்ணம் நேரே அண்ணி வீட்டுக்குப் போனாள்.

மீனாட்சி வாசலில் உட்கார்ந்து அடுப்புக்கு மண் பிசைந்துகொண்டிருந்தாள். முழங்கைவரை செம்மண். அது புது வீட்டுக்கான அடுப்பு. சம்பூர்ணம் கொட்டாங்கச்சித் துண்டை அவள் முன்னால் வைத்தாள்.

மீனாட்சி கையை எடுக்கவில்லை. பிசைவதை மட்டும் நிறுத்தினாள்.

"ஒங்க அண்ணாத்த சொன்னாரு. நான் இன்னா பண்றது சம்பூர்ணம்? புள்ளைக்கு ஒரு வூடு வோணும்ல?"

"நான் அத்த கேக்கல அண்ணி. அவ்ளோ பெரிய எடம் கீது. எங்க வோணா வெச்சிருக்கலாம். கல்லாண்ட ஏன் வெச்ச?"

மீனாட்சி மண்ணைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வேற எங்கனா வெச்சா நீ என்னிக்காவது புடுங்கிப் போட்டுடுவியோன்னு பயமா இருந்துச்சு. அங்க வெச்சா நீ கைய வெக்க மாட்ட. எனக்குத் தெரியும்ல."

இடத்தை அண்ணன் பிடுங்கிக்கொண்டான், அது ஒரு மாதிரி துக்கம். ஊர் பிடுங்கிக்கொண்டது, அது இன்னொரு மாதிரி. ஆனால் மடியில் முகம் புதைத்து அழுதபோது தலையைக் கோதிவிட்டாளே, அந்தக் கைதான் இது என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது? சம்பூர்ணம் வீட்டுக்குப் போனாள். உலக்கையை எடுத்து அடுப்பை இடித்துத் தள்ளினாள். சோற்றுக்கு வந்த இருசப்பன் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தான். அன்றிலிருந்து அவள் மூன்று கல்லை வைத்துத்தான் பொங்கினாள்.

கோயில் எழும்பியது, பின்னால் வீடும் எழும்பியது. அண்ணன் மகன் அங்கே குடிவந்தான். சம்பூர்ணம் அந்தப் பக்கக் கதவுக்குக் குறுக்கே பலகை வைத்து அடித்துவிட்டாள்.

அந்த ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. அவள் வாசலில் கொட்டியிருந்த முறத்து மணலில் ரெண்டு இலையோடு ஒரு காசித்தும்பை தலை நீட்டியது. வருஷா வருஷம் அவள் காத்துக் கிடந்து பார்க்கும் முளை. சம்பூர்ணம் அதன் பக்கத்தில் குந்தினாள். தொடவே பயந்தவள் போலக் கையைக் கொண்டுபோய், விரலை மணலுக்குள் விட்டு, அடியில் கொட்டாங்கச்சி ஏதாவது தட்டுகிறதா என்று துழாவினாள். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் ஆழமாகத் துழாவினாள்.

முளை வேரோடு கையில் வந்துவிட்டது.