ஆறு மாதம் பொறுக்கச் சொன்ன டொக்டர்

பிறந்து மூன்று நாளான மகனின் குதிகாலை நானே டொக்டர் நோனாவிடம் நீட்டினேன். அவர் ஊசியை எடுக்கவில்லை.

"பொறந்த புள்ளைட ரத்தத்துல இப்ப ஒண்ணும் தெரியாதும்மா. ஆறு மாசம் போகணும்" என்றார்.

சிவப்பணு நோய்களை ஆராய்வதற்காகக் கொழும்பிலிருந்து மாதந்தோறும் மாத்தளைக்கு வந்த பெண் டொக்டர் அவர். என் மூத்த மகள் இரண்டு வயதில் வெளிறி, வயிறு வீங்கிக் கிடந்தபோது, அவளுடைய சிவப்பணுக்கள் நிலைக்காமல் உடைந்துபோகின்றன என்று கண்டுபிடித்தார். மாமி மகனையே கட்டியிருந்தேன். நோயைச் சுமக்கும் ரத்தம் எங்கள் இருவருக்குமே இருந்தது. அதை அறிந்தபோது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி.

குடும்பம் குடும்பமாக ரத்தம் எடுத்தால்தான் ஆராய்ச்சி நகரும். ஆனால் எங்கள் ஊரான உக்குவளையில் அவரைக் கண்டதும் கதவுகள் சாத்தப்பட்டன. கல்யாணமாகாத இரண்டு மகள்மாரை வைத்திருந்த மாமியும் மறுத்துவிட்டார். "அவங்க எழுதிட்டுப் போயிடுவாங்க. பொறகு நம்ம குமர்கள யாரு கேட்டு வருவாங்க?"

அந்த ஆறு மாதமும் விடிந்ததும் மகனை ஜன்னலோரம் கொண்டுபோய் உதட்டையும் நகத்தையும் பார்ப்பேன். ஒரு நாள் சிவப்பாகத் தெரியும். மறுநாள் அதே நகம் வெளுத்திருப்பதாகப் படும். கணவரிடம் கேட்கப் பயம். அவரும் என்னிடம் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ளப் போகும் மகள்தான் கேட்டாள்: "தம்பிக்கும் ஊசியா உம்மா?"

ஆறு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப்போன பின் முடிவைக் கடிதத்தில் அனுப்பியிருக்கலாம். டொக்டர் நோனா ரயிலேறி வந்து, மழையில் நடந்து, நனைந்த சேலையோடு வாசலில் நின்றார்.

"மகனுக்கு நோயில்ல. உங்களப் போல சுமக்கிறான், அவ்வளவுதான்."

நான் அழுதேன். அவர் கண்கள் மகள் மீதே இருந்தன. "இவளுக்குக் குடுக்கத்தான் எங்கிட்ட இன்னும் மருந்தில்ல" என்றார் மெதுவாக.

ஒன்பது வயதில் மகள் மௌத்தானாள்.

இன்று என் பேத்தி கல்யாணம் பேசும் முன்பே தானாகப் போய் ரத்தம் பார்த்து வருகிறாள். ஒளிவு மறைவில்லை. அன்று எங்கள் ஊரில் இந்த வழக்கம் தொடங்கியது மகளுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதியதற்கு மறுநாள். துக்கம் கேட்க வந்த டொக்டர் நோனா ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தவரை மாமிதான் மறித்தார். சட்டையின் ஒரு கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, "எண்ட ரத்தத்தயும் எடுங்க" என்றார். பிறகு உள்ளே திரும்பி, தன் இரண்டு குமர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.